இவண், தாய்மாமன்

கொஞ்சம் காலை அந்தப் பக்கம் வச்சுக்குங்க சார், மிதிச்சிடப் போறீங்க. இல்ல இல்ல, மேல வைக்க முடியாது, நீளம் பத்தாது. கண்டக்டரு ஏற்கெனவே லக்கேஜ் டிக்கெட் போடணும்னு மொறைச்சாரு. சுருட்டி வச்சதுக்கு என்னய்யா லக்கேஜுன்னு ஒரு சத்தம் போட்டேன், போயிட்டாரு. பைப்பு இல்ல சார். ஃப்ளெக்ஸு. உள்ள ஒரு புள்ளையோட மொகம் இருக்கு, அதான் மிதிக்கக் கூடாதுன்னேன்.

நீங்களும் மெட்ராசா? நல்லது. தூங்குங்க சார், நான் தொந்தரவு பண்ண மாட்டேன். என் தங்கச்சி அஞ்சலாட்சி நேத்தே அவ பொண்ணைக் கூட்டிக்கிட்டு மெட்ராசுக்குப் போயிட்டா. ஒரே பஸ்ஸுல போலாமேன்னேன். "வேணாண்ணா, நீ வழியெல்லாம் பேசிக்கிட்டே வருவ"ன்னுட்டா. போகும்போது இன்னொண்ணும் சொன்னா. "பஸ்ஸுல யார்கிட்டயும் வாய் குடுக்காதண்ணா, உன் கால்ல விழறேன்"னு. கூடப் பொறந்தவ இப்படிச் சொல்ற அளவுக்கு ஆயிப்போச்சு என் பொழப்பு. அதனால நான் வாயே தொறக்கப் போறதில்ல.

விக்கிரவாண்டி டோல்கேட்டா இது? வரிசையைப் பாருங்க, இப்போதைக்கு நகராது. சரி, சும்மா உக்காந்திருக்கிறதுக்குக் கேக்குறேன். நீங்க ஃபுட்பால் பாப்பீங்களா? பொம்பளைப் புள்ளைங்க ஆடுற ஃபுட்பாலு? பாத்ததே இல்லையா? அட என்னா சார் நீங்க.

என் தங்கச்சி மக சுடர்விழி ஃபுட்பால் பிளேயரு. ஸ்கூல் கிரவுண்டுல ஆடுற ஆட்டம் இல்ல, சம்பளத்துக்கு ஆடுறா, மெட்ராஸ் கிளப்பு ஒண்ணுல. எந்தக் கிளப்புன்னு பேரு சொல்ல மாட்டேன். பேரைச் சொல்லிச் சொல்லித்தான் இந்த நெலைமை. முன்னாடி நின்னு கோல் அடிக்கிற ஆளு. ஒயரமான புள்ள. பத்தாவது படிக்கும்போதே ஒரு வாத்தியாரு, பாஸ்கெட் பாலுக்கு வந்துடு, ரயில்வேல வேலை கெடைக்கும்னு இழுத்தாரு. அவங்கப்பா, அதான் என் மச்சான், கத்தார்ல இருக்காரு. அவரும் போன்ல, "எந்த ஆட்டத்துல வேலை கெடைக்குமோ அதை ஆடச் சொல்லு"ங்கிறாரு. நான்தான் சார் குறுக்க நின்னேன். புள்ளைக்கு வித்தை கால்ல இருக்கு, கையைப் புடிச்சி இழுக்காதீங்கன்னேன். அவ போட்ட மொத பூட்ஸு நான் வாங்கிக் குடுத்தது. இதையெல்லாம் நான் சொல்லிக்காட்டுற ஆளு கெடையாது. நீங்க கேட்டீங்க, சொன்னேன்.

போன சீசன்ல அந்த மெட்ராஸ் டீமை யாரும் ஒரு பொருட்டா மதிக்கல. ரெண்டாம் வரிசை டீமு. நம்ம சுடர்விழிப் பாப்பா அடிக்க ஆரம்பிச்சா பாருங்க. வலது கால்ல ஒண்ணு, எடது கால்ல ஒண்ணு, தலையால ஒண்ணு. செமி ஃபைனல் வரைக்கும் இழுத்துக்கிட்டு வந்துட்டா. அதுல ஜெயிச்சுட்டா மேல் லீக்கு. இந்தியா பூரா சுத்தி ஆடலாம், டிவியில வரும், அந்தப் பதினோரு புள்ளைங்களுக்கும் சம்பளம் ஏறும். நான் ஒரு மேட்ச் விட்டதில்ல. பண்ருட்டியில இருந்து முந்திரிப் பருப்பு வறுத்து எடுத்துக்கிட்டுப் போவேன், டீம் புள்ளைங்க பூரா அள்ளித் தின்னுங்க. கேலரியில என் சத்தம் மட்டும் தனியாக் கேக்கும். தொழில் அப்படி. ஏகாம்பரம் சவுண்ட் சர்வீஸ்னு பண்ருட்டியில எறங்கி யாரை வேணா கேளுங்க.

அப்பத்தான் கல்கத்தாவுல இருந்து பேச்சு வந்தது. பெரிய கிளப்பு சார். ஆசியா லெவல்ல ஆடப் போற டீமு. எல்லாம் இருக்கு, முன்னாடி நின்னு கோல் அடிக்க ஆள் இல்ல. பாப்பாவை வீடியோவுல பாத்துட்டு எங்களுக்கு வேணும்னுட்டாங்க. அங்க ஒரு வருஷம் நின்னு ஆடிட்டா இந்தியா டீமு கேம்ப்புக்குக் கூப்பிடுவாங்க. இந்தியா சார்! நெஞ்சுல கொடி வச்ச சட்டை!

ஆனா ஒரு சிக்கல். மெட்ராஸ் கிளப்போட கான்ட்ராக்டு சீசன் முடியற வரைக்கும் இருக்கு. அது இருக்கும்போது அவங்களுக்குத் தெரியாம இன்னொரு கிளப்போட பேசறதே தப்பாம். ஆனா எல்லாரும் பேசத்தான் செய்வாங்களாம். வெளிய தெரியாத வரைக்கும் ஒண்ணுமில்லையாம். பொண்ணு பாத்துட்டு வந்து தட்டு மாத்துற வரைக்கும் ஊர்ல மூச்சு விடாம இருக்கோமில்ல, அந்தக் கணக்கு.

அஞ்சலாட்சி எனக்குச் சோறு போட்டுக்கிட்டே இந்தச் சேதியைச் சொன்னா. "உன்கிட்ட மட்டும் சொல்றேண்ணா, சீசன் முடியட்டும்"னு என் கையை அவ தலையில வச்சு சத்தியம் வாங்கிக்கிட்டா. எனக்கு அதுக்கு மேல சோறு எறங்கல, சந்தோஷத்துல. சத்தியத்தைக் காப்பாத்தினேன் சார். ஒருத்தர்கிட்ட சொல்லல. முபாரக்கைத் தவிர.

முபாரக்கு ஃப்ளெக்ஸ் கடை வச்சிருக்கான். அவன்கிட்ட சொல்றது சொல்றதுல சேராதில்ல? வேலைக்குத்தானே சொல்றோம்.

என்னா அவசரம்னு நீங்க கேப்பீங்க. நியாயம்தான். பாப்பா வயசுக்கு வந்தப்ப மண்டபத்துல மஞ்சள் நீராட்டு வச்சோம். தாய்மாமன் சீர் நான் கொண்டு போறேன். மேளம், தட்டு வரிசை, என் சொந்த ஸ்பீக்கரு, தெருவே அதிருது. மண்டபத்து வாசல்ல பாத்தா ஒரு ஃப்ளெக்ஸு நிக்குது. பாப்பாவோட பெரியப்பா தட்சிணாமூர்த்தி, என் மச்சானோட கூடப் பொறந்த அண்ணன், அவரு வச்சது. ஆள் ஒயரத்துக்கு அவரு போட்டோ, கை கூப்பிக்கிட்டு. என் போட்டோவைத் தேடுறேன். கீழ் வரிசையில அத்தை மவன், சித்தப்பா மவனோட ஒண்ணா, ஸ்டாம்பு சைசுல. நான் தாய்மாமன் சார்! ஸ்டாம்பு! சபையாச்சேன்னு சிரிச்சுக்கிட்டே சீர் தட்டை எறக்கி வச்சேன். ஆனா அது நெஞ்சுல உக்காந்துக்கிச்சு. அப்புறம் பாப்பா தமிழ்நாடு டீமுக்கு செலக்ட் ஆனப்பவும் பஸ் ஸ்டாண்டு வாசல்ல மொத ஃப்ளெக்ஸ் அவருதுதான். என்னது மறுநாளு. மறுநாள் வச்சா எந்தப் பய பாக்குறான்?

அதனால இந்தத் தடவை முன்கூட்டியே அடிச்சு வச்சிடலாம்னு போனேன். வைக்கத்தான் சார், கட்ட இல்ல. முபாரக்கு நல்லா பண்ணான். நடுவுல முழுசா பாப்பா. காலடியில பந்து, பந்துல நெருப்பு. என்கிட்ட இருந்தது மெட்ராஸ் கிளப்பு சட்டையில எடுத்த போட்டோ. "அண்ணே, கல்கத்தா சட்டை கலரா மாத்திடறேன், அசலா இருக்கும்"னான். அசலாவே இருந்துச்சு. அதான் வினை. மேல, 'கல்கத்தாவைக் கலக்க வரும் பண்ருட்டிப் புயலே!' பலாச்சுளையேன்னு போடலாம்னேன், அவன் ஒத்துக்கல. கீழ, 'இவண், தாய்மாமன் த. ஏகாம்பரம்.' என் போட்டோ பாப்பா போட்டோவை விட சின்னதுதான். கொஞ்சம்தான் சின்னது.

கொண்டாந்து கட்டில் அடியில வச்சேன். தெனம் ஒரு தடவை வெளிய இழுத்துப் பிரிச்சுப் பாத்துட்டு மறுபடி சுருட்டி வைப்பேன். அந்தச் சந்தோஷத்தோட நிறுத்தியிருக்கலாம்.

செமி ஃபைனலுக்கு ரெண்டு நாள் இருக்கும்போது முபாரக் கடைப் பக்கமா வரேன். வாசல்ல தட்சிணாமூர்த்தியோட ஸ்கூட்டரு. உள்ள அவரும் முபாரக்கும் தலையோட தலையை ஒட்டிக்கிட்டு ஏதோ பேசறாங்க. கம்ப்யூட்டர்ல பாப்பா மொகம். எனக்குக் கண்ணு மண்ணு தெரியல சார். இவனுக்கும் சேதி போயிடுச்சு, இவனும் அடிக்கிறான், இந்தத் தடவையும் முந்திடுவான்னுதான் தோணுச்சே தவிர வேற எதுவும் தோணல. மறுநாள் பொழுது விடியறதுக்குள்ள ஊர் நடுவுல நாலு ரோடு சேர்ற நாலு முனையில ரெண்டு சவுக்குக் கழியை நட்டுக் கட்டிப்புட்டேன்.

ஒளிக்காம சொல்றேன், அந்தக் காலை வேளை மாதிரி ஒரு வேளை எனக்கு வாழ்நாள்ல வந்ததில்ல. பஸ்ஸுல போறவங்க ஜன்னல் வழியா எட்டிப் பாக்குறாங்க. கறிக்கடை ஆளுங்க, ஆட்டோக்காரங்க எல்லாரும் கை குடுக்குறாங்க. வந்தவனுக்கெல்லாம் டீ வாங்கிக் குடுத்தேன். ஒருத்தன் நின்னு போன்ல படம் எடுத்தான். "நல்லா எடுப்பா, என் பேரும் விழுற மாதிரி எடு"ன்னு நானே சொன்னேன். நானே சொன்னேன் சார்.

பகல் சாப்பாட்டு நேரத்துக்கு அஞ்சலாட்சி போன். அழறா. "அதை எறக்குண்ணா, அதை எறக்குண்ணா"ங்கிறா. நான் என்ன கேட்டேன் தெரியுமா? சொல்லவே நாக்கு கூசுது. "ஏன், என் போட்டோ பெருசா இருக்குன்னு தட்சிணாமூர்த்தி சொன்னானா?"ன்னு கேட்டேன்.

அந்தப் படம் ஃபுட்பால் பாக்குற பசங்களோட குரூப்பு குரூப்பா சுத்தி, மெட்ராஸ் கிளப்பு மேனேஜர் போனுக்கே போயிடுச்சு. கான்ட்ராக்ட் இருக்கும்போதே அடுத்த கிளப்பு சட்டையைப் போட்டு போட்டோ எடுத்துக்கிட்டியான்னு பாப்பாவைக் கூப்பிட்டுக் கேட்டிருக்காங்க. அவ, "நான் போடல சார், எனக்குத் தெரியாது சார்"னு சொல்லியிருக்கா. யாரு நம்புவா? டீமுல இருந்து தூக்கிட்டாங்க. ஹாஸ்டல் சாவியை வாங்கிட்டாங்க. கல்கத்தாக்காரங்களைக் கேட்டா, இந்தப் பொண்ணு யாருன்னே எங்களுக்குத் தெரியாதுன்னுட்டாங்க. அவங்க மாட்டிக்கக் கூடாதில்ல.

திண்டிவனம் தாண்டிட்டோம் போல. தண்ணி இருக்கா சார்? ஒரு வாய் குடுங்க.

செமி ஃபைனலுக்குப் போனேன். போகாம இருக்க முடியல. முந்திரியும் எடுத்துக்கிட்டுத்தான் போனேன், பழக்கம். பாப்பா கேலரியில ஒரு ஓரமா சுடிதார் போட்டுக்கிட்டு உக்காந்திருந்தா. கிரவுண்டுக்குள்ள இருக்க வேண்டிய புள்ள. டீம் புள்ளைங்க ஒண்ணு கூட நிமிந்து அவளைப் பாக்கல. எங்களை விட்டுட்டு ஓடப் பாத்தாளேன்னு கோவம். ஆட்டம் ஆரம்பிச்சு நம்ம புள்ளைங்க நல்லாத்தான் ஆடுதுங்க, பந்தை முன்னாடி வரைக்கும் கொண்டு போவுதுங்க, அங்க அடிக்கத்தான் ஆள் இல்ல. கடைசியில எதிர் டீமு ஒண்ணு போட்டுச்சு. முடிஞ்சு போச்சு. மேல் லீக்கும் போச்சு. கோல் கீப்பர் பொண்ணு கம்பத்துல சாஞ்சு உக்காந்தது எந்திரிக்கவே இல்ல. என் கையால முந்திரி தின்ன புள்ள.

கேலரியில ரெண்டு பசங்க என்கிட்ட வந்தாங்க. "நீங்கதானே அந்த ஃப்ளெக்ஸ் மாமா? ஒரு செல்ஃபி எடுத்துக்கலாமா?"ன்னாங்க. அப்படியே கன்னத்துல ஒண்ணு விட்டிருக்கணும். விடல சார். நின்னேன். அதுவும் சிரிச்சுக்கிட்டு நின்னேன். அந்த போட்டோவும் எங்கேயோ சுத்திக்கிட்டுத்தான் இருக்கும். பாப்பா அந்த ஓரத்துல இருந்து பாத்தாளா இல்லையான்னு எனக்கு இன்னும் தெரியாது. கேக்கவும் தைரியம் வரல.

இதுக்கு மேல ஒண்ணு பண்ணேன். அதுதான் என்னைப் போட்டு அரிக்குது.

எறக்கின ஃப்ளெக்ஸை என்ன பண்றது சொல்லுங்க. தூக்கிப் போட்டா எவனாவது எடுத்துட்டுப் போய் ஆட்டுக் கொட்டாய்க்குக் கூரை போட்டுடுவான். புள்ள மொகத்து மேல காக்கா உக்காரும். கொளுத்தலாம்னு பின்பக்கம் கொண்டு போனேன், தீக்குச்சியைக் கிழிச்சுட்டு நானே ஊதி அணைச்சுட்டேன். அப்பத்தான் அஞ்சலாட்சி வீட்டுப் பின் ரூமு ஓடு ஒழுகுறது நெனைப்பு வந்துச்சு. நல்ல கெட்டி ஃப்ளெக்ஸு. நம்மாலதான் கஷ்டம், நம்ம கையாலேயே ஒரு நல்லது பண்ணுவோம்னு ஏணி போட்டு ஏறி, ஓட்டுக்குக் கீழ பந்தல் மாதிரி இழுத்துக் கட்டினேன். மேல் பக்கம் தண்ணி பட்டா சாயம் போயிடும்னு அச்சடிச்ச பக்கத்தைக் கீழ பாக்க வச்சேன். அந்த ரூமுதான் பாப்பா ஊருக்கு வந்தா படுக்கிற ரூமுன்னு எனக்குத் தோணவே இல்ல சார். சத்தியமா தோணல.

நான் ஏணியில இருந்து எறங்கறேன், பாப்பா பையைத் தூக்கிக்கிட்டு உள்ள வரா, மெட்ராசை விட்டுட்டு. வந்தவ என்னைப் பாத்தா. அண்ணாந்து மேல பாத்தா. பெருசா அவ மொகம், அவ போடாத சட்டை, பக்கத்துல பல்லைக் காட்டிக்கிட்டு நான்.  அப்புறம், "சட்டை நல்லாத்தான் மாமா இருக்கு"ன்னா. அவ்வளவுதான். திட்டல, அழல. பையை வச்சுட்டுக் குளிக்கப் போயிட்டா. அவிழ்த்திடறேன் பாப்பான்னு கத்தினேன். "இருக்கட்டும், மழை வருது"ன்னு குளிக்கிற எடத்துல இருந்தே சொன்னா. செருப்பைக் கழட்டி அடிச்சிருந்தா நான் நல்லா இருந்திருப்பேன்.

அதுக்கப்புறம் என்கிட்ட பேச்சு இல்ல. நான் அந்த வீட்டுக்குப் போனா அவ பின் ரூமுல மல்லாந்து படுத்திருப்பா. காலை ஆறு மணிக்கு எந்திரிச்சு ஓடுற புள்ள, ஓடறதையும் விட்டுட்டா. இதுக்கு நடுவுல மெட்ராஸ் கிளப்பு ஃபுட்பால் சங்கத்துல புகார் குடுத்துடுச்சு. கான்ட்ராக்டை மீறிட்டா, இன்னொரு கிளப்பு சட்டையே போட்டுட்டா, ஒரு வருஷம் எந்த டீமுலயும் ஆடக் கூடாதுன்னு தடை போடுங்கன்னு. கோல் அடிக்கிற காலு ஒரு வருஷம் சும்மா கெடந்தா என்ன ஆகும் சார்? அடுத்த வருஷம் பத்து புள்ளைங்க புதுசா வந்து நிக்கும். இந்தியா கேம்ப்பு அவளுக்காகக் காத்திருக்குமா? கல்கத்தாவுல இருந்து நேரா இல்ல, யார் மூலமாவோ ஒரு வார்த்தை வந்திருக்கு. பேரு சுத்தமாகட்டும், அப்புறம் பாக்கலாம்னு. தடை விழலன்னா இன்னும் வழி இருக்கு. விழுந்தா அவ்வளவுதான்.

அந்தப் புகார் வந்த வாரம் அஞ்சலாட்சி கூப்பிட்டு விட்டா, பாப்பா உன்னை வரச் சொல்றான்னு. ஓடினேன். அவ படுத்தபடியே கையை மேல காட்டினா. "எடது கை ஓரத்தைப் பாருங்க மாமா. பழைய சட்டை அப்படியே இருக்கு." உத்துப் பாத்தேன். கக்கத்துக்குக் கீழ ஒரு வெரல் அகலத்துக்கு முபாரக்கு கலர் மாத்தாம விட்டிருக்கான். மெட்ராஸ் கிளப்பு கலரு. போன்ல சுத்தற படத்துல அது தெரியாது, இந்த அசல்ல தெரியுது. அவ கல்கத்தா சட்டையைப் போடவே இல்லைங்கிறதுக்கு இதுதான் சாட்சி. எத்தனை நாள் மல்லாந்து இதையே பாத்துக்கிட்டுக் கெடந்திருந்தா அது கண்ணுல பட்டிருக்கும்? அவ சந்தோஷமாத்தான் சொன்னா. நான்தான் ஏணியை எடுத்தாறேன்னு வெளிய வந்துட்டேன்.

ஆமா சார், அதைத்தான் கொண்டு போறேன். இன்னிக்கு மத்தியானம் விசாரணை. சட்டை விஷயத்தை ஃப்ளெக்ஸு சொல்லிடும். மிச்சத்தை நான் சொல்லணும்.

மிச்சம் என்னன்னா, உனக்கு எப்படித் தெரியும்னு கேப்பாங்க. கல்கத்தான்னு உன் கனவுலயா வந்துச்சுன்னு கேப்பாங்க. அது எனக்கு உறைக்கவே இல்ல. தட்சிணாமூர்த்தி வந்து சொல்ற வரைக்கும்.

முந்தாநேத்து அவரு என் வீட்டுப் படி ஏறினாரு. பாப்பா சடங்குக்கு அப்புறம் நான் பாக்க ஏறினதே இல்ல. நின்ன வாக்குல கேட்டாரு. "ஏகாம்பரம், எப்படித் தெரியும்னு கேட்டா என்ன சொல்லுவ?" "தங்கச்சி சொன்னா, அதானே நெசம்"னேன். "தங்கச்சிக்கு யாரு சொன்னா?" "பாப்பா." "அப்போ பாப்பா கல்கத்தாவோட பேசினது உண்மைன்னு ஆயிடும். நீயே உன் வாயால தடை வாங்கிக் குடுத்துட்டு வருவ." 

சும்மா இருந்திருக்கலாம். எனக்குப் பொறுக்கல. "நீங்க மட்டும் என்ன மச்சான், அன்னிக்கு முபாரக் கடையில எனக்கு முன்னாடி அடிக்கத்தானே போனீங்க?"ன்னு கேட்டுட்டேன்.  "உன் ஃப்ளெக்ஸு சேதி கேள்விப்பட்டு, இதை எவனுக்கும் காட்டாத, ஏகாம்பரத்துக்கிட்ட நான் பேசிக்கிறேன்னு சொல்லப் போனேன்யா. சாயங்காலம் உன் வீட்டுக்கு வந்தேன், நீ கழி வாங்கப் போயிட்டன்னாங்க"ன்னாரு. முபாரக்கைக் கேட்டேன். ஆமாண்ணேங்கிறான். அவருக்குக் கல்கத்தா சேதி எனக்கு முன்னாடியே தெரியுமாம் சார். அஞ்சலாட்சி அவருகிட்டதான் மொதல்ல சொல்லியிருக்கா. "உன்கிட்ட மட்டும்"னாளே என்கிட்ட. அவரு பொண்டாட்டிக்குக் கூட அது தெரியாது.

நான் யாரோட ஓட்டப் பந்தயம் ஓடினேன்னு நெனைச்சுப் பாக்குறேன். பக்கத்துல ஒருத்தனும் ஓடல.

அது என்ன, மதுராந்தகம் ஏரியா? அப்போ வந்துட்டோம், செங்கல்பட்டு தாண்டினா கிளாம்பாக்கம்தான்.

என்ன சொல்லப் போறீங்கன்னுதானே பாக்குறீங்க? அதைத்தான் பண்ருட்டியில இருந்து வாயை மூடிக்கிட்டு யோசிச்சுக்கிட்டு வரேன். இப்படிச் சொல்லுன்னு யாரும் என்கிட்ட கேக்கல. பாப்பா கேக்க மாட்டா. அஞ்சலாட்சி, "உனக்கு எது வருமோ சொல்லுண்ணா"ன்னுட்டுப் போயிட்டா. டீக்கடையில யாரோ பேசிக்கிட்டாங்கன்னு சொல்லலாம். யாரு, எந்தக் கடைன்னு நோண்டுவாங்க. கடைசியில ஒரே ஒரு வழிதான் இருக்கு சார். எல்லாம் நானா கட்டின கதைன்னு சொல்லிடணும். அப்படிச் சொன்னா அதையும் எவனாவது போன்ல போட்டுடுவான். பண்ருட்டியில ஒரு கல்யாணத்துக்கு மைக் செட்டு கட்டப் போனா, பொய்க்கார மாமன் வராரும்பாங்க. நாலு முனையில மூஞ்சியை வச்சவன், அதே நாலு முனையில மூஞ்சியை மறைச்சுக்கிட்டுப் போகணும். போறேன். அதுக்கு என்ன இப்போ.

சொல்லிப் பாக்கட்டுமா? நீங்கதான் ஆபீசருன்னு வச்சுக்குங்க.

ஐயா, என் பேரு ஏகாம்பரம். பண்ருட்டியில சவுண்ட் சர்வீஸ் வச்சிருக்கேன். கடலூர் வரைக்கும் பெரிய பெரிய கச்சேரி எதுவா இருந்தாலும் நம்ம செட்டுதான், போன மாசம் கூட ஒரு... பாத்தீங்களா, ஆரம்பிச்சுட்டேன். இருங்க. மொதல்ல இருந்து.

ஐயா, என் பேரு ஏகாம்பரம். இந்தப் பொண்ணுக்குத் தாய்மாமன். இந்த ஃப்ளெக்ஸை அடிச்சது நான், கட்டினது நான். கல்கத்தாவுல இருந்து யாரும் இவளைக் கூப்பிடல. என்கிட்ட யாரும் எதுவும் சொல்லல. இவளுக்கு இது தெரியவே தெரியாது. இவங்க பெரியப்பாவை ஒரு தடவையாவது முந்தணும்னு எனக்கு வெறி. என் மொகத்தை ஊருக்கு நடுவுல பெருசா பாக்கணும்னு ஆசை. அதுக்கு ஒரு காரணம் வேணும். புள்ள பேரை எடுத்துக்கிட்டேன். இவ ஆட்டம் என்ன ஆகும்னு நான் நெனைக்கல ஐயா. என் மொகம்தான் எனக்குப் பெருசாப் பட்டுச்சு.

ஒண்ணுமில்ல சார். தூசி. அந்த ஜன்னலை சாத்துங்க.

பொய்யி சொல்லிப் பழகலாம்னுதான் ஆரம்பிச்சேன். யோசிச்சுப் பாத்தா இதுல பொய்யின்னு இருக்கிறது கல்கத்தாக்காரன் கூப்பிடலங்கிறது ஒண்ணு, யாரும் சொல்லலங்கிறது ஒண்ணு. மிச்சமெல்லாம்... சரி விடுங்க. எப்படி இருந்துச்சு? நம்புவாங்களா? நம்புவாங்க இல்ல?

கிளாம்பாக்கம் வந்துடுச்சு. எந்திரிங்க. இன்னொண்ணு சார், மொதல்ல நான் சொன்னதெல்லாம் மறந்துடுங்க. கடைசியாச் சொன்னதை மட்டும் வச்சுக்குங்க. யாராவது கேட்டா, பஸ்ஸுல ஒரு பொய்க்காரன் பக்கத்துல வந்தான்னு சொல்லுங்க. அந்த நுனியைக் கொஞ்சம் தூக்கிப் புடிங்க. பாத்து, பாத்து, அந்தப் பக்கம்தான் பாப்பாவோட எடது கை இருக்கு, அது கசங்கக் கூடாது. இந்தப் பக்கம் நான்தான். இது மடங்கினா மடங்கட்டும்.